ஆதிச்சநல்லூரும் மிகைமெய்ம்மையும்

முன்னோர் வாழ்ந்த நிலத்தின் வரலாற்றை அறிதல் கற்றோர் கடமைகளுள் ஒன்று. பொருநை பாயும் இப்பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு அக்கடமை பிறரினும் மிகுதி என்று கூறலாம். என்னை? திருநெல்வேலியினின்று திருச்செந்தூர் செல்லும் சாலையில், ஆற்றின் தென்கரையில், ஏறக்குறைய 114 ஏக்கர் பரப்புள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிக்காடு நம் வாயிலிலேயே கிடக்கின்றது. 1876-ம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு அறிஞர் ஜாகர் என்பார் ஈண்டு முதன்முதல் அகழ்ந்து, தாம் பெற்ற பொருள்களைப் பெர்லின் நகர்க்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் 1905 வரை தொல்பொருள் துறையைச் சேர்ந்த அலெக்சாந்தர் ரீ என்பார் பல பருவங்களில் அகழ்ந்தெடுத்த பொற்பட்டங்களும், வெண்கலக் கலங்களும், இரும்பினாலாய படைக்கலங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. 2004, 2005-ம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்து நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டனர். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ம் நாள் அவ்விடத்திலேயே ஒரு களக் காட்சியகம் திறக்கப்பட்டது. அகழ்ந்த குழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே மேலிருந்து காணுமாறு அஃது அமைந்துள்ளது.

ஆயினும் ஒரு குறை நிற்கின்றது. பண்டு வெளிப்பட்ட அரும்பொருள்கள் பல ஓரிடத்தில் உள. அவை புதையுண்டு கிடந்த நிலம் மற்றோரிடத்தில் உளது. எழும்பூரில் பொற்பட்டத்தைக் காண்பவன் நிலத்தைக் காணான். தாழிக்காட்டில் நிற்பவன் பொற்பட்டத்தைக் காணான். இரண்டையும் ஒருங்கே கண்முன் நிறுத்தவல்ல கலையொன்று இக்காலத்தே தோன்றியுள்ளது. அதனை ஆங்கிலத்தில் ‘ஆகுமென்டட் ரியாலிட்டி’ என்பர். தமிழில் இதற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன; அவற்றுள் மிகைமெய்ம்மை என்னும் பெயரை இக்கட்டுரையில் ஆளுவாம். இக்கலை யாது, எங்ஙனம் இயங்குகின்றது, அது சில வணிக நிறுவனங்களின் கைக்குள் அடங்காது எல்லார்க்கும் பொதுவாய் நிற்றற்கு என்ன ஏற்பாடு உளது என்பனவற்றை முறையே ஆராய்வாம்.

மிகைமெய்ம்மையாவது யாது?

கண்ணெதிரே உள்ள மெய்யான காட்சியின்மேல், கணிப்பொறியாற் படைக்கப்பட்ட உருவமொன்றை, அது மெய்யாகவே அவ்விடத்தில் இருப்பதுபோலத் தோன்றுமாறு சேர்த்துக் காட்டுவது மிகைமெய்ம்மை. இதனை மெய்ந்நிகர் காட்சியினின்று வேறுபடுத்தி அறிதல் வேண்டும். மெய்ந்நிகர் காட்சியிற் கண்களை முழுதும் மறைத்துக்கொண்டு வேறோர் உலகத்துட் புகுகின்றோம். மிகைமெய்ம்மையிலோ நம் உலகம் நம்மைவிட்டு நீங்குவதில்லை. அதன்மேல் ஒன்று கூடுகின்றது, அவ்வளவே.

1997-ம் ஆண்டில் ரொனால்ட் அசுமா என்னும் ஆராய்ச்சியாளர் இதற்கு மூன்று இலக்கணங்கள் வகுத்தார். மெய்யும் புனைவும் கலந்து தோன்றல் ஒன்று. காண்பானுடைய செயலுக்கு அக்கணமே விடையிறுத்தல் இரண்டு. நீள அகல உயரம் என்னும் மூவகை அளவிலும் புனைவானது மெய்யோடு பொருந்தி நிற்றல் மூன்று. இம்மூன்றனுள் இறுதியிற் கூறியதே அரிது. ஒளிப்படத்தின் மூலையில் ஒரு சித்திரத்தை ஒட்டுதல் எளிது. ஆனால், கைப்பேசியை ஏந்தியவாறு ஒருவன் சுற்றி நடக்கும்போது, நிலத்தின்மேல் தோன்றும் தாழி இம்மியும் நகராது தன் இடத்திலேயே நிற்றல் வேண்டும். அணுகினாற் பெரிதாதல் வேண்டும். பின்புறஞ் சென்றால் பின்புறத்தைக் காட்டுதல் வேண்டும். இவை நிகழ்ந்தாலன்றி அதனை மிகைமெய்ம்மை என்று சொல்லுதல் பொருந்தாது.

கருவி அறியும் வகை

ஒரு கைப்பேசி தான் நிற்கும் இடத்தை எங்ஙனம் அறிகின்றது? கேமராவின் வழியே வரும் காட்சியில், எளிதில் அடையாளங் காணத்தக்க புள்ளிகளை அது முதற்கண் தேர்ந்தெடுக்கின்றது. கல்லின் முனை, ஓட்டின் விளிம்பு, மண்ணில் விழுந்த சருகு ஆகிய இவை போல்வன அப்புள்ளிகளாம். அடுத்து வரும் காட்சியில் அப்புள்ளிகள் எவ்வளவு பெயர்ந்தன என்று கணக்கிடுகின்றது. ஓடும் இரயில் வண்டியினின்று நோக்குவார்க்கு அண்மையிலுள்ள தந்திக்கம்பம் விரைந்து பின்செல்வதும், தொலைவிலுள்ள பொதிய மலை அசையாததுபோல் நிற்பதும் தெரிந்த செய்தியே. அவ்வேறுபாட்டைக் கொண்டே புள்ளிகளின் தொலைவைக் கருவி மதிக்கின்றது. கேமராவின் கணக்கு மட்டும் போதாது. கருவியின் உள்ளே வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும், திருப்பத்தை அளக்கும் சுழல்மானியும் உள. கண் காண்பதும் உடல் உணர்வதும் ஒன்றையொன்று திருத்த, நாம் தள்ளாடாது நடக்கின்றோம் அன்றோ? அதுபோல இவ்விரு வகைக் கணக்கும் ஒன்றையொன்று திருத்த, கருவி தன் நிலையை நொடிதோறும் பலமுறை புதுக்கி அறிகின்றது.

ஒரே மட்டத்தில் பல புள்ளிகள் அமைந்திருப்பின், ஆண்டுத் தரை ஒன்றுண்டு எனத் துணிகின்றது. திரையைக் காண்பான் விரலால் தொட்டவுடன், தொட்ட புள்ளியினின்று கற்பனைக் கோடொன்றைக் காட்சியினுள்ளே செலுத்தி, அது தரையை எங்கே முட்டுகின்றது என்று கண்டு, அவ்விடத்தே உருவத்தை நிறுத்துகின்றது. சூழ்ந்துள்ள ஒளி எத்திசையினின்று எவ்வளவு வருகின்றது என்று மதிப்பிட்டு, உருவத்திற்கும் அதற்கேற்ற வெளிச்சமும் நிழலும் தருகின்றது. இவ்வளவும் இமைப்பொழுதினும் விரைந்து நிகழ்தலின், காண்பான் கணக்கொன்றையும் உணரான். தாழியை மட்டுமே காண்பான்.

தோன்றி மறைந்த நிறுவனங்கள்

இக்கலையின் தோற்றம் நெடுநாட்களுக்கு முற்பட்டது. 1968-ம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் காட்சிக் கருவியொன்றைச் செய்து காட்டினார். கருவியின் பாரம் தலையால் தாங்கவொண்ணாதாகலின், அது கூரையினின்று தொங்கவிடப்பட்டது. 1990-ம் ஆண்டை ஒட்டிப் போயிங் விமானத் தொழிற்சாலையில் பணிபுரிந்த தாமஸ் காடெல் என்பவரால் ஆங்கிலப் பெயர் வழக்கிற்கு வந்தது. விமானத்திற்குரிய கம்பிகளை இணைக்கும் தொழிலாளர்க்கு வழிகாட்டும் வரைபடத்தைக் கண்முன்னே தோன்றச் செய்தல் அவருடைய நோக்கம். 1999-ம் ஆண்டில் ஜப்பானியப் பேராசிரியர் ஹிரோகாசு கட்டோ, கருஞ்சதுர அடையாளம் பொறித்த தாளைக் கேமரா நோக்கிய அளவில் அதன்மேல் உருவத்தை நிறுத்தும் மென்பொருளை ஆக்கினார். 2017-ம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஏ.ஆர்.கிட் என்பதையும், கூகுள் நிறுவனம் ஏ.ஆர்.கோர் என்பதையும் அறிவித்த பின்னர், இக்கலை கோடிக்கணக்கான கைப்பேசிகளில் குடியேறியது.

குடியேறியது நன்மையே, ஆயின் இரு வேறு வீடுகளில் இரு வேறு மொழி பேசிக்கொண்டு குடியேறியது. ஒரு நிறுவனத்தின் முறையில் எழுதிய செயலி மற்றொன்றின் கருவியில் இயங்காது. எழுதுவோன் ஒரே வேலையை இருமுறை செய்தல் வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் கடையிலும் ஒப்புதல் பெறுதல் வேண்டும். காண்போனும் செயலியைத் தரவிறக்கி நிறுவுதல் வேண்டும். பத்து நிமிடம் நின்று காணும் காட்சிக்கு இவ்வளவு தொல்லையை யார் மேற்கொள்வர்?

இத்தொல்லையினும் பெரிதாயதொன்று உளது. ஜெர்மனியின் மூனிக் நகரில் விளங்கிய மெட்டாயோ என்னும் நிறுவனம் இக்கலையில் முன்னணியில் நின்றது. 2015-ம் ஆண்டு மே மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியதும், அதன் கருவிகளின் விற்பனை நின்றது. அதனைச் சார்ந்த ஜுனாயோ என்னும் செயலியும் அவ்வாண்டின் இறுதியில் அணைந்தது. கூகுள் நிறுவனத்தின் டேங்கோ என்னும் முறை 2018-ம் ஆண்டு மார்ச்சு முதல் நாளில் முடிவுற்றது. முப்பரிமாண உருவங்களைச் சேமித்து வைக்க அந்நிறுவனமே நடத்திய பாலி என்னும் களஞ்சியம் 2021-ம் ஆண்டு ஜூன் 30-ம் நாளில் மூடப்பட்டது. முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம், பிறர் மிகைமெய்ம்மைக் காட்சிகளை ஆக்குதற்கென நடத்திய ஸ்பார்க் என்னும் மேடையை 2025-ம் ஆண்டு ஜனவரி 14-ம் நாளில் நிறுத்தியது. இவற்றை நம்பி உழைத்தோர் படைத்த காட்சிகள் என்னாயின? மேடை சரிந்தபோது அதன்மேல் நின்றவையும் சரிந்தன.

இதனோடு வேறொன்றை ஒப்புநோக்குக. அலெக்சாந்தர் ரீ தாம் ஆதிச்சநல்லூரிற் கண்டெடுத்த பொருள்களின் பட்டியலை 1915-ம் ஆண்டில் சென்னையில் அச்சிட்டு வெளிப்படுத்தினார். நூறாண்டு கடந்தும் அந்நூலை எவரும் திறந்து படிக்கலாம். அதனைப் படித்தற்கு அச்சிட்டோரின் இசைவு வேண்டுவதில்லை. அச்சுக்கூடம் இருந்தாலென், இல்லாதொழிந்தாலென்? தாளும் மையும் எழுத்தும் எவர்க்கும் பொது. 1915-ல் அச்சான பட்டியல் நிற்க, 2015-ல் இயங்கிய செயலி மறைந்தது. வேறுபாடு காலத்தினால் வந்ததன்று. ஒன்று பொதுவான வடிவத்தில் இருந்தது, மற்றொன்று ஒருவரின் பூட்டினுள் இருந்தது என்பதே காரணம்.

தமிழெழுத்துப் பட்ட பாடு

பொதுவான வடிவம் இன்மையால் விளையும் கேட்டைத் தமிழர் வேறோரிடத்தில் நன்கு அனுபவித்துள்ளனர். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கணிப்பொறியில் தமிழ் எழுதத் தொடங்கியபோது, ஒவ்வோர் எழுத்துரு ஆக்குநரும் தத்தம் விருப்பப்படி எழுத்துக்களுக்கு எண் கொடுத்தனர். ஒருவர் ‘அ’வுக்குக் கொடுத்த எண்ணை மற்றொருவர் ‘கி’க்குக் கொடுத்திருப்பர். ஓர் இதழின் வலைப்பக்கத்தைப் படிக்க அவ்விதழின் எழுத்துருவையே தேடி நிறுவுதல் வேண்டியதாயிற்று. இல்லையேல் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். இக்குழப்பத்தை நீக்குதற்கு 1999-ம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்’99 என்னும் மாநாடு கூடியது. அதன் பயனாக விசைப்பலகை முறை ஒன்று வகுக்கப்பட்டது. உலக எழுத்துக்களை எல்லாம் ஒரே அட்டவணையில் அடக்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறி 1991-ம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் அளித்திருந்தது. கருவிகள் அதனை ஏற்ற பின்னரே, திருநெல்வேலியில் எழுதியது யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் மாறாது தோன்றும் நிலை வந்தது. 2010-ம் ஆண்டில் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

இவ்வரலாற்றினின்று இரண்டு படிப்பினைகள் கிடைக்கின்றன. பொதுத்தரம் தாமதித்து வந்தால், இடைக்காலத்தில் எழுதியவற்றுள் பல படிப்பாரின்றி வீணாம் என்பது ஒன்று. தரம் வகுக்கும் அவையில் நம்மவர் தொடக்கத்திலேயே அமராவிடின், பின்னர் முறையிட்டுப் பயன் சிறிது என்பது மற்றொன்று. ஒருங்குறியில் ‘க்’ என்னும் மெய்க்குத் தனியிடம் இல்லை. ‘க’வும் புள்ளியும் சேர்த்தே அதனை எழுதுதல் வேண்டும். மெய்யே அடிப்படை என்னும் தமிழிலக்கணத்திற்கு இது மாறுபட்டது எனப் பலர் குறை கூறினர். அக்குறையைக் களைய வகுத்த மாற்று முறைக்கும் 2010-ம் ஆண்டு அரசாணை இடந்தந்தது. எனினும் முன்னரே நிலைபெற்ற அட்டவணையை மாற்றுதல் இயலாதாயிற்று.

வலையும் பொதுத்தரமும்

இனி, மிகைமெய்ம்மைக்குப் பொதுத்தரம் வகுக்க நடைபெற்ற முயற்சியை நோக்குவாம். உலகளாவிய வலையை 1989-ம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ கருதித் தொடங்கினார். அவர் பணிபுரிந்த செர்ன் ஆய்வுக்கூடம் 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் நாள், வலையின் நுட்பத்தை எவரும் கட்டணமின்றி ஆளலாம் என்று உலகிற்கு வழங்கியது. அடுத்த ஆண்டில் வலையின் விதிகளைப் பலர் கூடி வகுக்கும் கழகமாக டபிள்யூ-3-சி தோன்றியது. அக்கழகம் 2004-ம் ஆண்டில் ஏற்ற கொள்கைப்படி, அதன் விதிகளை ஆள்வோர் எவரும் காப்புரிமைக் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. பொதுத்தரம் என்பதன் உயிர்நிலை இதுவே: விதி எல்லார்க்கும் வெளிப்படை, அதனை எவரும் தம் கருவியில் அமைக்கலாம், எவரும் எவர்க்கும் வரி செலுத்துவதில்லை.

2014-ம் ஆண்டில் மொசில்லா நிறுவனத்தைச் சார்ந்த விளாதிமிர் வூகிசெவிச் என்பார், மெய்ந்நிகர் காட்சியை உலாவியிலேயே காட்டும் வெப்.வி.ஆர். என்னும் முயற்சியைத் தொடங்கினார். மிகைமெய்ம்மையையும் உடன் அடக்குதல் வேண்டும் என்று பின்னர் உணரப்பட்டமையால், அஃது வெப்.எக்ஸ்.ஆர். என்னும் விரிந்த முறையாக மாறியது. 2018-ம் ஆண்டில் டபிள்யூ-3-சி இதற்கெனத் தனிக்குழு ஒன்றை அமைத்தது. கூகுள் நிறுவனத்தின் குரோம் உலாவி 2019-ம் ஆண்டு டிசம்பரில் மெய்ந்நிகர் பகுதியையும், 2020-ம் ஆண்டில் மிகைமெய்ம்மைப் பகுதியையும் ஏற்றது.

இம்முறையின் செயல் எளிதாக விளங்கத்தக்கது. வலைப்பக்கமானது முதலில் உலாவியை நோக்கி, ‘இக்கருவியில் மிகைமெய்ம்மை இயலுமா?’ என்று வினவும். இயலும் என்று விடை வரின், பக்கத்தில் ஒரு பொத்தான் தோன்றும். காண்பான் தானே அதனைத் தொட்டு இசைவளித்தாலன்றிக் காட்சி தொடங்காது. தொடங்கிய பின்னர், கைப்பேசி எவ்விடத்தில் எத்திசை நோக்கி உளது என்பதை உலாவி இடையறாது பக்கத்திற்குச் சொல்லும். பக்கம் அதற்கேற்ப உருவத்தை வரைந்து தரும். உலாவி அதனைக் கேமராக் காட்சியின்மேல் பொருத்தும். இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. இயல்பான முறையில், கேமரா காணும் காட்சி வலைப்பக்கத்தின் கைக்குச் செல்வதில்லை. நிலையும் திசையும் மட்டுமே செல்லும். வீட்டினுள் இக்காட்சியைக் காணும் ஒருவருடைய அறையின் தோற்றத்தை அயலார் கவர்ந்து செல்லாமைப் பொருட்டே இவ்விதி அமைந்தது.

உருவத்திற்கும் பொதுவடிவம் வேண்டும் அன்றோ? க்ரோனோஸ் என்னும் கூட்டமைப்பு ஜி.எல்.டி.எஃப். என்னும் வடிவத்தை 2015-ம் ஆண்டில் வகுத்து, 2017-ம் ஆண்டில் திருத்தியது. 2022-ம் ஆண்டில் அஃது உலகத் தர அமைப்பின் ஏற்பையும் பெற்றது. ஒளிப்படத்திற்கு ஜேபெக் எங்ஙனமோ, முப்பரிமாண உருவத்திற்கு இஃது அங்ஙனம் என்று கொள்ளலாம்.

பொதுமுறையில் அமைந்தவற்றுக்கு அழிவே இல்லையோ எனின், உண்டு. ஆனால் அவற்றைப் பிறர் எடுத்து வளர்த்தற்கும் வழியுண்டு. மொசில்லா நிறுவனம் தலைக்கருவிகளுக்கென நடத்திய ஃபயர்பாக்ஸ் ரியாலிட்டி என்னும் உலாவியை 2022-ம் ஆண்டில் கைவிட்டது. அதன் மூலநிரல் வெளிப்படையாய் இருந்தமையால், ஸ்பெயின் நாட்டு இகாலியா நிறுவனம் அதனை ஏற்று, வோல்விக் என்னும் பெயரால் தொடர்ந்து நடத்தலாயிற்று. மெட்டாயோவின் முடிவையும் இதனையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு வேறு விளக்கம் வேண்டா.

குறைகள்

இம்முறையின் குறைகளையும் மறையாது கூறுதல் முறை. வெப்.எக்ஸ்.ஆர். விதிகள் பல ஆண்டு உழைப்பிற்குப் பின்னரும் இறுதி வடிவத்தை எய்தாது, பரிந்துரைக்கு உரிய வரைவாகவே நீடித்து வந்துள்ளன. ஐபோன்களில் உள்ள சஃபாரி உலாவி, மிகைமெய்ம்மைக்கு இப்பொதுமுறையை ஏற்காது, ஆப்பிள் நிறுவனத்தின் தனிமுறையையே சார்ந்து நிற்கின்றது. ஆகவே எல்லார்க்கும் பொது என்பது இன்னும் முழுதும் நிறைவேறாத நோக்கமேயாம். விதி நூலில் எழுதப்பட்டாற் போதாது. வலியோரும் அதற்கு உடன்படுதல் வேண்டும்.

இரண்டாவது குறை, கண்ணில்லாதாரைப் பற்றியது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் செவிப்புலன் அற்றோர்க்கும் தனித்தனியே நெடுங்காலப் பள்ளிகள் நடைபெறுதலை நாம் அறிவோம். வலையில் எழுதிய எழுத்தைப் பார்வையற்றோர்க்குக் குரலாகப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் உள. ஆனால் மிகைமெய்ம்மைக் காட்சியிலோ உருவம் வெறும் வண்ணப்புள்ளிகளாக வரையப்படுதலின், படித்துக்காட்டும் மென்பொருளுக்கு அதில் பற்றுக்கோடு ஒன்றும் கிடையாது. டபிள்யூ-3-சி 2021-ம் ஆண்டில் இத்தகையோரின் தேவைகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆயினும், தேவையைத் தொகுத்தல் தொடக்கமேயன்றி முடிவன்று.

தாழிக்காட்டிற் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை எல்லாம் மனத்திற்கொண்டு, ஆதிச்சநல்லூருக்கு இக்கலையைப் பயன்படுத்த விழைவோர் கருதத்தக்கவை சில உள.

முதலாவது, உருவத்தைப் பெறும் முறை. ஒரு மட்கலத்தைச் சுற்றிலும் பல கோணங்களில் ஒன்றையொன்று தழுவுமாறு ஒளிப்படங்கள் எடுத்து, அவற்றைக் கணிப்பொறியில் இணைத்து முப்பரிமாண உருவமாக்கலாம். அதற்குரிய கட்டற்ற மென்பொருள்கள் கிடைக்கின்றன. பாதுகாக்கப்பட்ட இடமாதலின் தொல்லியல் துறையின் இசைவும், பொருள்களை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களின் இசைவும் முன்னரே பெறுதல் வேண்டும். இசைவு கேட்கும்போதே, உருவம் எவர்க்கு உரியது, எவ்விதியின்கீழ்ப் பிறர் ஆளலாம் என்பதையும் எழுத்தில் பெறுதல் நன்று. பொருள் பெர்லினில் இருப்பினும், அதன் உருவம் நம் மாணாக்கர் கைக்கு வருதல் அரிதன்று. ஆனால் அவ்வுருவமும் ஒரு நிறுவனத்தின் பூட்டினுள் அகப்பட்டால், பொருள் இரண்டாம் முறையும் கடல் கடந்ததாகவே முடியும்.

இரண்டாவது, அமைப்பின் ஒழுங்கு. அடித்தளத்தில் ஒருங்குறித் தமிழில் எழுதிய தெளிவான விளக்கமும் ஒளிப்படமும் இருத்தல் வேண்டும். எளிய கருவி உடையாரும், குரல் வழியே கேட்பாரும் அதனாற் பயன் பெறுவர். அதன்மேல், விரலால் சுழற்றிக் காணத்தக்க முப்பரிமாண உருவம். அதற்கும் மேல், இயலும் கருவிகளில் மட்டும் மிகைமெய்ம்மைக் காட்சி. இங்ஙனம் அமைப்பின், மேற்படி சரிந்தாலும் கீழ்ப்படி நிற்கும். ஐபோன் உடையாரும் வெறுங்கையராய்த் திரும்பார்.

மூன்றாவது, இடப்பொருத்தம். செயற்கைக்கோள் வழியே கைப்பேசி அறியும் இருப்பிடம் சில மீட்டர் பிழைபடும். தாழியைக் குழியின்மேலேயே நிறுத்த அது போதாது. ஆகவே கருஞ்சதுர அடையாளமோ, தெளிவான பலகைச் சித்திரமோ களத்தில் வைத்து, அதனைக் கொண்டு உருவத்தைப் பொருத்துதல் தகும். நண்பகல் வெயிலில் திரை மங்கித் தோன்றும் என்பதையும் கருதி, நிழலுள்ள இடத்தைத் தெரிதல் நன்று.

நான்காவதும் தலையாயதும் உண்மை. அகழ்வில் கிடைத்தது இது, நாம் ஊகித்துச் சேர்த்தது இது என்று காண்போர்க்கு வேறுபாடு தோன்றுமாறு காட்டுதல் வேண்டும். உடைந்த தாழியின் கிடைத்த பகுதியை ஒரு நிறத்திலும், ஊகித்து நிரப்பிய பகுதியை வேறொரு நிறத்திலும் காட்டலாம். கண்ணைக் கவரும் காட்சி கண்டோர் நெஞ்சில் ஆழப் பதியும். பிழை பதியினும் அங்ஙனமே பதியும். அன்றியும், இது மாந்தரைப் புதைத்த நிலம். தாழிகளுள் அவர்களுடைய எலும்புகள் கிடந்தன. வேடிக்கைப் பொருளாக அவற்றைத் துள்ளிக் குதிக்கச் செய்தல் எவ்வாற்றானும் தகாது.

முடிவுரை

கால்டுவெல் ஐயர் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து கண்டவற்றை 1877-ம் ஆண்டில் அச்சேற்றினார். அவருக்கு வாய்த்த கருவிகள் சில. ஆயினும் அவர் எழுதியது இன்றும் பயன்படுகின்றது. நமக்கு வாய்த்த கருவிகளோ பல. நாம் செய்பவை நம் பேரப்பிள்ளைகள் காலத்தும் திறக்குமா என்பதே வினா. அதற்கு விடை கருவியின் விலையில் இல்லை. நாம் தெரிந்துகொள்ளும் வடிவத்தில் உளது.

மாணவ நண்பர்காள்! வெப்.எக்ஸ்.ஆர். விதிகளை வகுக்கும் குழுவின் வரைவுகளும் விவாதங்களும் எவரும் படிக்குமாறு வலையில் வெளிப்படையாக உள. குறையைச் சுட்டி எழுதவும் எவர்க்கும் தடையில்லை. ஒருங்குறியில் நாம் பிந்தினோம். இதிற் பிந்த வேண்டுவதில்லை. கணிதமும் பௌதிகமும் பயில்வோர் கருவியின் நுட்பத்தை ஆராய்க. வரலாறும் தமிழும் பயில்வோர் காட்சியின் உண்மையைக் காக்க. தொழில்துறையில் உயர்ந்துள்ள பழைய மாணவர்கள் தத்தம் நிறுவனங்களில் பொதுத்தரத்தின் பக்கம் நின்று பேசுக. அங்ஙனம் செய்யின், தாழிக்காட்டில் ஒரு கிராமத்துச் சிறுவன் தன் தந்தையின் எளிய கைப்பேசியை உயர்த்தி, நூற்றிருபது ஆண்டுகட்கு முன் அந்நிலத்தைவிட்டுப் போன பொற்பட்டத்தை அது கிடந்த மண்ணின்மேலேயே காண்பான். அதற்கு எவரிடத்தும் இசைவு கேளான். எவர்க்கும் கட்டணம் செலுத்தான்.